விடுகைப்பத்திரம் வாங்குவதற்கு முன்

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கலாமா? இந்தக் கேள்வியைப் பதினைந்து வருடத்துக்கு முன்பு றொசல்லையிலோ வட்டவளையிலோ யாராவது கேட்டிருந்தால் ஒரு மாதிரியாகத்தான் பார்த்திருப்பார்கள். இன்று அப்படியில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய பாடசாலைகள் அடுத்த வருடம் முழுவதும் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்ததும் மறுபடியும் மூடின. கைப்பேசிக்குச் சிக்னல் தேடி மேட்டில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளை மலையகம் எங்கும் பார்த்தோம். தன் பிள்ளை ஒரு பந்தியைத் தட்டுத் தடுமாறித்தான் வாசிக்கிறது என்பதைப் பல பெற்றோர் அப்போதுதான் தங்கள் காதால் கேட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அதே பிள்ளைக்கு விளங்குகிறது என்பதையும் சிலர் கண்டுகொண்டார்கள். கேள்வி அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது.

கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. வீட்டிலிருந்தபடி கணினி வேலை பார்க்கும் இளம் தகப்பன் கேட்கிறார். தரம் 9இல் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளையை விட்டிருக்கும் தாய் கேட்கிறார். நடக்க முடியாத பிள்ளையைச் சேற்றுப் படிகளில் தூக்கிக்கொண்டு இறங்க முடியாமல் களைத்துப்போன பாட்டியும் கேட்கிறார். மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் மூவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் பொதுவானவை.

முதலில், நம் ஊரில் ஒன்றோடொன்று கலந்துபோகும் மூன்றைப் பிரித்துக்கொள்வோம். பாடசாலை விட்டு வந்த பிறகு வீட்டில் பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பது ஒன்று. டியூசனும் இதில்தான் சேரும். பாடசாலைக்கே போகாமல், பெற்றோர் முழுப் பொறுப்பெடுத்து, பாடம், நேரம், பரீட்சை எல்லாவற்றையும் திட்டமிட்டு நடத்துவது இரண்டாவது. உலகில் வீட்டுக்கல்வி என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது, பிள்ளை பாடசாலைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பது. அதற்குப் பெயர் இடைவிலகல். இரண்டாவது என்று நினைத்துத் தொடங்கி, ஆறு மாதத்தில் மூன்றாவதில் வந்து நிற்பதுதான் தேயிலைத் தோட்டத்தில் நடக்கக்கூடிய ஆபத்து. மற்ற எல்லாத் தயக்கங்களும் இதற்குப் பின்னால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? நமது கல்விச் சட்டத்தின் அடித்தளம் 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். அதன் கீழ் 1997இல் வந்த ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரை பாடசாலை வரவைக் கட்டாயமாக்கி, 1998 முதல் நடைமுறைக்கு வந்தன. 2016இல் அந்த மேல் எல்லை 16 வயதாக உயர்ந்தது. ஆகவே 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளையின் படிப்புக்குத் தாய் தகப்பன் சட்டப்படி பொறுப்பாளிகள். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பாடசாலைக்கு அனுப்பியோ வேறு வழியிலோ பிள்ளைக்குத் தகுந்த கல்வி கொடுக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கல்விக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பாடசாலைச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். ஜெர்மனியில் அறவே முடியாது. அங்கிருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். இலங்கையில் வீட்டுக்கல்விக்கென்று தனிச்சட்டமோ பதிவு முறையோ இல்லை. ஆகவே யாரோ ஒருவர் கைப்பேசியில் அனுப்பிய தகவலை நம்பிப் பிள்ளையை நிறுத்தக் கூடாது. என்ன செய்யப் போகிறோம் என்பதை எழுதி வலயக் கல்விப் பணிப்பாளரிடம் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். றொசல்லைக் குடும்பங்களுக்கு அது ஹட்டன் வலயம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். நம் ஊர்க் கதை தெரிந்தவர்களுக்குத் தோன்றாது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை என்பது தானாகக் கிடைத்ததில்லை. 1907, 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தன. நிர்வாகமோ பல இடங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர் என்பதோடு கடமையை முடித்துக்கொண்டது. 1945இல் நாடு முழுவதற்கும் வந்த இலவசக் கல்வியின் பலன் லயத்துக்கு வந்து சேரவில்லை. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே விடப்பட்டன. 1977க்குப் பிறகுதான் அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. தரம் 5 வரை மட்டுமே இருந்த கொட்டகைகளைத் தரம் 11 வரைக்கும், உயர்தரம் வரைக்கும் வளர்த்தெடுக்க இன்னும் ஒரு தலைமுறை பிடித்தது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்து மலையகப் பிள்ளைகளே ஆசிரியர்களாக வெளிவரத் தொடங்கியது 1990களில். இன்றைக்குத் தோட்டத்தில் ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைப் பாடசாலை இடாப்பிலிருந்து எடுக்கும்போது, அவரது பாட்டிக்குக் கிடைக்காத ஒன்றை எடுத்து வைக்கிறார். எடுக்கவே கூடாது என்பதில்லை. எடை தெரிந்து எடுக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பாடசாலைக்குப் போகாத தோட்டத்துப் பிள்ளை சும்மா இருப்பதில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்கிறது, விறகு பொறுக்குகிறது, பிறகு கொழும்பில் யாரோ வீட்டு வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதை 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தியதும், கட்டாயக் கல்வி வயதை 16 ஆக்கியதும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்கிற ஏற்பாடுகள். கிராம உத்தியோகத்தரோ பாடசாலை வரவுக் குழுவோ வந்து “பிள்ளை ஏன் வரவில்லை” என்று கேட்டால், அதைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்று நாம் கேட்டுக்கேட்டுப் பெற்ற காவல் அது.

வீட்டுக்கல்வியை ஆதரிப்பவர்கள் சொல்லும் பெயர்களில் காந்தியும் ஒருவர். அவருடைய அனுபவம் நமக்கு நெருக்கமானது, ஏனென்றால் அதில் நம்மைப்போல் கப்பலேறிப்போன தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இருந்தார்கள். 1910இல் ஜொகன்னஸ்பர்க்குக்குப் பக்கத்தில் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியே ஆசிரியர். தென்னாபிரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. கப்பல் பயணங்களிலும் சிறையிலும் ஜி. யூ. போப்பின் பாடநூலை வைத்துக் கற்ற கொஞ்சத் தமிழோடு அவர் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆசிரியருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் அதே பண்ணையைப் பற்றி அவரே எழுதியிருக்கும் இன்னொரு விஷயத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. காலையெல்லாம் தோட்ட வேலை, வீட்டு வேலை. பாடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பிள்ளைகள் தூங்கி விழுந்தார்கள். சொல்லிக்கொடுப்பவருக்கும் கண் சொக்கியது. மூத்த மகன் ஹரிலாலோ முறையான படிப்புக் கிடைக்காத குறையோடு 1911இல் தகப்பனைப் பிரிந்து, மெட்ரிக்குலேஷன் படிக்கவென்று இந்தியாவுக்கே போனார். அந்த மனத்தாங்கல் கடைசிவரை தீரவில்லை. வீட்டுக்கல்வி பற்றி முடிவெடுப்பவர் பெற்றோர், அதன் பலனைச் சுமப்பவர் பிள்ளை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைக் கேட்காமல் இந்த முடிவை எடுக்க வேண்டாம் என்று நாம் சொல்வது இதனால்தான்.

களைப்பு என்பதில் கொஞ்சம் நிற்போம். வீட்டுக்கல்விக்கு என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். என்ன நேரம் வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறும் தாய், கடைசி நிறுவை முடிந்து வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. நனைந்த உடுப்பை மாற்றி, அடுப்பைப் பற்றவைத்து, ரொட்டி தட்டி முடிக்கும்போது எட்டு மணி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர். ஒருவர் தொலைக்காட்சி பார்த்தால் எல்லோரும் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் முழுநேர வீட்டுக்கல்வி நடக்காது. நடக்கும் என்று ஆசை காட்டுவது அந்தத் தாய்க்குச் செய்யும் அநியாயம். பாடசாலை நேரத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர், கிழமையில் ஐந்து நாளும் வீட்டில் இருக்கிறாரா? இதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் பிள்ளை பாடசாலையிலேயே இருக்கட்டும். வீட்டில் செய்யக்கூடியதை மாலையில் அரை மணித்தியாலம் செய்வோம். அந்த அரை மணித்தியாலம் சின்ன விஷயமல்ல. பல பிள்ளைகளுக்கு நாள் முழுவதிலும் ஒரு பெரியவர் தனக்கென்று உட்கார்ந்து வாசிப்பைக் கேட்கும் நேரம் அதுதான்.

உடல் இயலாமை உள்ள பிள்ளையின் விஷயம் வேறு. “இங்கே வைத்துப் பார்க்க வசதியில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்” என்று யாராவது சொன்னால் அது வீட்டுக்கல்வி ஆகாது. வாசலில் வைத்தே திருப்பி அனுப்புவது அது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுப்பதைத் தடுக்கிறது. முதலில் அந்த உரிமையைக் கேட்டுப் பாருங்கள். உண்மையாகவே வழி இல்லாதபோது, வலயப் பணிமனையில் விசேட கல்விக்கும் முறைசாராக் கல்விக்கும் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு வீட்டுப் படிப்புக்கு ஒரு திட்டம் போட்டு வாங்குங்கள்.

சரி, வீட்டில் ஆள் இருக்கிறார், பிள்ளைக்கும் சம்மதம். எங்கே தொடங்குவது?

காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். தேசிய கல்வி நிறுவகம் ஒவ்வொரு தரத்துக்கும் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தமிழில் வெளியிடுகிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் முழுதாகவே கிடைக்கும். இந்த ஆசிரியர் வழிகாட்டியைப் பெற்றோர் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. உண்மையில் பாடநூலைவிட அதுதான் வீட்டில் படிப்பிக்கிறவருக்கு உதவும். எந்தத் தேர்ச்சிக்காக எந்தச் செயற்பாடு, பிள்ளைக்கு விளங்கியதா என்று எப்படிப் பார்ப்பது எல்லாம் அதில் இருக்கிறது. ஆரம்பப் பிரிவுக்குத் தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், சமயம். இவற்றோடு ஆங்கிலமும் சிங்களமும். ஹட்டன் பஸ்ஸில் ஏறினாலே சிங்களம் வேண்டியிருக்கிறது, ஆகவே அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்றால் ஆரம்பப் பிரிவுக்கு நாளுக்கு இரண்டு மணித்தியாலம் நல்ல வேலை நடந்தால் போதும். பாடசாலை மணியைப் பார்த்து ஏழரையிலிருந்து ஒன்றரை வரை உட்கார வைத்தால் பிள்ளையும் வெறுக்கும், நீங்களும் வெறுப்பீர்கள்.

மீதி நேரத்துக்கு ஊரே இருக்கிறது. எதை எப்படிப் படிப்பிப்பது என்பதற்கு ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறோம். சம்பளத் துண்டை எடுங்கள். தரம் 7 பிள்ளைக்கு வீதம் என்ற பாடத்தை அதை வைத்தே முடிக்கலாம். ஒரு நாள் பேருக்கு 1,350 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு அம்மாவின் பக்கத்திலிருந்து 8 வீதம் கழிகிறது. எவ்வளவு? 108 ரூபா. தோட்டம் தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். 162 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் இன்னும் 3 வீதம். 40 ரூபா 50 சதம். மாதத்தில் 25 நாள் பேர் விழுந்தால்? அம்மாவிடமிருந்து கழிந்தது 2,700, தோட்டம் இரண்டு நிதிக்கும் சேர்த்துப் போட வேண்டியது 5,062 ரூபா 50 சதம். இப்போது துண்டில் இருக்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துவராவிட்டால் ஏன் என்று தேடச் சொல்லுங்கள். முற்பணம், சங்கச் சந்தா, கோயில் காசு என்று கழிவுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பாடநூலில் உள்ள மாம்பழக் கணக்கில் தூங்கும் பிள்ளை இதில் தூங்காது. கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருப்பது குடும்பத்துக்கும் நல்லதுதான்.

ரயில் நிலையமும் அப்படித்தான். பெயர்ப்பலகை மூன்று மொழியில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் நமது மலைப்பாதை நிலையங்களில் எழுதியிருக்கிறது. றொசல்லையின் எண்ணையும் ஹட்டனின் எண்ணையும் குறித்துவரச் சொன்னால் கழித்தலும் புவியியலும் ஒன்றாக நடக்கும். ரயில் ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்ற கேள்வியைப் பிள்ளையே கேட்கும்.

இப்படி எல்லாவற்றையும் படிப்பாக்கலாம் என்ற உற்சாகத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பிள்ளை எழுதிய தாள்களைக் கட்டி வையுங்கள். நாளைக்கு மறுபடி பாடசாலையில் சேர்க்க நேர்ந்தால், எந்தத் தரத்தில் சேர்ப்பது என்று அதிபர் கேட்கும்போது காட்ட உங்கள் கையில் இருப்பது அது மட்டும்தான்.

பரீட்சை பற்றிப் பலருக்குத் தேவையில்லாத பயமும் இருக்கிறது, தேவையான பயம் இல்லாமலும் இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். பரீட்சைத் திணைக்களம் விண்ணப்பம் கோரும்போது நீங்களே விண்ணப்பித்து, கட்டணமும் கட்ட வேண்டும். தேசிய அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். உயர்தரத்துக்கும் அப்படியே தோற்றலாம். கேம்பிரிட்ஜ், எடெக்ஸல் பரீட்சைகளை எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டணம் தோட்டச் சம்பளத்துக்கு எட்டாது என்பதால் அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பாடசாலைப் பிள்ளைகளுக்கு உரியது. வீட்டில் இருக்கும் பிள்ளை அந்த வாய்ப்பை இழக்கும். தூரத்தில் தெரியும் இன்னொரு விஷயம் பல்கலைக்கழகம். நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு அனுமதியில் ஒரு சலுகை இருக்கிறது. எந்த மாவட்டத்துப் பிள்ளை என்பதை எந்தப் பாடசாலையில் படித்தார் என்பதைக் கொண்டே முதலில் தீர்மானிக்கிறார்கள். பாடசாலை இல்லாத பிள்ளை வசிப்பிடத்தை வேறு ஆவணங்களால் நிரூபிக்க வேண்டிவரும். வாக்காளர் இடாப்பில் குடும்பத்தின் பெயர் ஒழுங்காக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

இதோடு 1980 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் பாடநூல், 1993 முதல் கிடைத்துவரும் சீருடைத் துணி, ஆரம்பப் பிரிவின் பாடசாலை உணவு, பஸ் பருவச்சீட்டுச் சலுகை ஆகியவையும் இடாப்பில் பெயர் இருக்கும்வரைதான். ஒரு நேரச் சாப்பாட்டை மதிப்புப் போட்டுப் பார்க்காதவர்களுக்கு இது சிறியதாகத் தெரியலாம்.

கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளையை விட்டிருக்கும் அந்தத் தாய்க்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் பிரச்சினைக்குப் பெயர் ஆசிரியர் பற்றாக்குறை. பிள்ளையை வீட்டுக்கு எடுத்தால் இடாப்பில் ஒரு பெயர் குறையும், பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்த பாடசாலைக்கு ஆசிரியர் கேட்பது இன்னும் கஷ்டமாகும். பிள்ளை அங்கேயே இருக்கட்டும். நாலைந்து பெற்றோர் சேர்ந்து, லயத்தில் உயர்தரம் முடித்துவிட்டு இருக்கும் ஒரு பிள்ளையைப் பிடித்து, கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ கிழமைக்கு மூன்று மாலை கணிதம் நடத்துங்கள். கூடவே வலயத்துக்கு மனுவும் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

கணினி வேலை பார்க்கும் தகப்பனுக்கும் அவரைப்போல் வசதியும் நேரமும் உள்ளவர்களுக்கும் ஒரு யோசனை. உடனே அதிபரிடம் போய் விடுகைப்பத்திரம் கேட்காதீர்கள். வருட இறுதி விடுமுறையில் நான்கு கிழமை செய்து பாருங்கள். நாளுக்கு இரண்டு மணித்தியாலம், ஆசிரியர் வழிகாட்டியை வைத்து, கொப்பியில் எழுதிக்கொண்டு. உங்களுக்குக் கூட்டம் வரும், மின்சாரம் போகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அதற்கிடையிலும் கிழமையில் ஐந்து நாள் கொப்பியில் திகதி விழுந்திருந்தால், அந்தக் கொப்பியையும் அடுத்த தரத்துக்கான திட்டத்தையும் எடுத்துக்கொண்டு ஹட்டன் வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். இரண்டாம் கிழமையோடு நின்றிருந்தால், விடுமுறை முடிந்ததும் பிள்ளையை வழக்கம்போலப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, மாலை வாசிப்பை மட்டும் தொடருங்கள்.